தினசரிச் சாலைக்கு ஒரு நடுத்தர ஸ்போர்ட் பைக்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

ஸ்போர்ட் பைக் வாங்க நினைப்பவர்கள் விவரப்பட்டியலில் முதலில் தேடுவது உச்ச சக்தியைத்தான். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போய்வரும் சாலையில் எஞ்சின் தன் உச்ச சக்தியைத் தொடும் தருணம் அநேகமாக வருவதே இல்லை. அங்கே நாள்தோறும் உழைப்பவை எஞ்சினின் கீழ்ச் சுழற்சியும், ஓட்டுபவரின் மணிக்கட்டும், கிளட்ச் பிடிக்கும் இடக்கை விரல்களும்தான். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. நடுத்தர வகை என்று இங்கே சொல்லப்படுபவை ஏறத்தாழ 600 முதல் 900 சி.சி. வரையிலான, ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் வெளி உறை) மூடிய, சற்றே முன்சாய்ந்து அமரும் வண்டிகள்.

இந்த வகைக்கு ஒரு நல்ல முன்னோடி 1987ஆம் ஆண்டு ஹோண்டா வெளியிட்ட சி.பி.ஆர். 600 எஃப். ஒரே வண்டியை வார நாள்களில் அலுவலகத்துக்கும், விடுமுறையில் நெடும்பயணத்துக்கும், மனமிருந்தால் பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோகலாம் என்பதை அது நிரூபித்தது. பிறகு 600 சி.சி. பிரிவு முழுக்கப் பந்தயத்தை நோக்கி ஓடி, அமரும் நிலை குனிந்து, எஞ்சின் சுழற்சி ஏறி, சாலைக்கு ஒவ்வாத ஒன்றாக மாறியது. அண்மை ஆண்டுகளில் வந்திருக்கும் இரண்டு, மூன்று சிலிண்டர் வண்டிகள் பழைய சமநிலையை மீட்டிருக்கின்றன என்பது என் கருத்து.

இதுவரை மோட்டார் சைக்கிளே ஓட்டாதவர் நேரடியாக இந்த வகைக்கு வரவேண்டாம். 300 முதல் 400 சி.சி. வரையிலான வண்டியில் ஓராண்டு பழகியவருக்குக் கிளட்ச், பிரேக் ஆகியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியிராது. அவருடைய கவனம் முழுவதும் சாலையில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏ2 என்னும் இடைநிலை உரிமம் 35 கிலோவாட் வரையே அனுமதிப்பதும், யமஹா ஆர்7 போன்ற வண்டிகள் அந்த வரம்புக்குள் அடக்கப்பட்ட வடிவத்திலும் விற்கப்படுவதும் இந்தப் படிப்படியான ஏற்றத்தை மனத்தில் வைத்துத்தான்.

முதல் படி: எஞ்சின் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள்

ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2017ஆம் ஆண்டின் யமஹா ஆர்6 வண்டியில் 599 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். சக்தி ஏறத்தாழ 118 பி.எஸ். (குதிரைத்திறன்), அதுவும் நிமிடத்துக்கு 14,500 சுழற்சியில். அதன் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) 61.7 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 10,500 சுழற்சியில். 2021இல் வந்த ஆர்7 வண்டியில் 689 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். சக்தி 73 பி.எஸ். அளவே, ஆனால் 67 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 6,500 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது. ஆர்6 பெரிய எண்ணைக் காட்டுவதற்குக் காரணம் அது வலுவாக இழுப்பதல்ல, மிக வேகமாகச் சுழல்வதுதான். அந்த வண்டி முதல் கியரிலேயே மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும் என்பதால், நெரிசலில் அது எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருக்கும். அதை எழுப்பும் அளவுக்குத் திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறந்தால் நீங்கள் சட்டப்படியான வேகத்தைக் கடந்திருப்பீர்கள்.

ஆகவே விவரப்பட்டியலைப் படிக்கும்போது முறுக்குவிசையின் அளவோடு நிற்காமல், அது எந்தச் சுழற்சியில் வருகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கவாசாகி நிஞ்ஜா 650 வண்டிக்கு அது 64 நியூட்டன் மீட்டர், 6,700 சுழற்சியில், சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்-8ஆர் வண்டிக்கு 78 நியூட்டன் மீட்டர், 6,800 சுழற்சியில். 2024இல் வந்த மூன்று சிலிண்டர் டிரையம்ப் டேட்டோனா 660 வண்டிக்கு 69 நியூட்டன் மீட்டர், 8,250 சுழற்சியில். ஹோண்டா சி.பி.ஆர். 650 ஆர் நான்கு சிலிண்டர் என்பதால் பட்டுப்போல ஓடும், ஆனால் சுழற்சி ஏற ஏறத்தான் அதற்கு உயிர் வரும். 6,000 முதல் 7,000 சுழற்சிக்குள் உச்ச முறுக்குவிசை தரும் எஞ்சின், கியரை அடிக்கடி மாற்றாமல் நகரத்தைக் கடக்க உதவும்.

இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. ஆர்7, ஜி.எஸ்.எக்ஸ்-8ஆர், ஏப்ரிலியா ஆர்.எஸ். 660 ஆகியவற்றின் கிராங்க் தண்டு (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) 270 பாகை அமைப்புடையது. இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிக்காமல், 270 பாகைக்குப் பின் ஒன்றும் 450 பாகைக்குப் பின் மற்றொன்றுமாக வெடிக்கும். இரு சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் அமைந்த 90 பாகை வி-ட்வின் எஞ்சினின் துடிப்பும் இதே இடைவெளியில் அமைந்ததுதான். நிஞ்ஜா 650 எஞ்சின் 180 பாகை அமைப்பைக் கொண்டது. கைப்பிடியில் வந்து சேரும் அதிர்வும் காதுக்கு வரும் ஒலியும் இவ்விரண்டுக்கும் வேறு வேறாக இருக்கும். எது பிடிக்கும் என்பது சோதனை ஓட்டத்தில்தான் தெரியும்.

அந்தச் சோதனை ஓட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நான்காவது கியரில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, கியரைக் குறைக்காமல் திராட்டிலை மெல்லத் திறந்து பாருங்கள். செயின் தடதடக்காமலும் எஞ்சின் திணறாமலும் வண்டி முன்னேறினால், அது உங்களோடு தினமும் வரக்கூடிய வண்டி.

இரண்டாம் படி: கைக்கு எடை போகக் கூடாது

சீட், ஹேண்டில்பார், ஃபுட் பெக் ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணம்தான் உங்கள் முதுகின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. வண்டியை யாரேனும் நேராகப் பிடித்துக்கொள்ள, இரு கால்களையும் பெக்கில் வைத்து அமருங்கள். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்தபடி, கைப்பிடியிலிருந்து விரல்களை மட்டும் மெல்ல எடுங்கள். உடல் அப்படியே நிலைத்து நின்றால் முக்கோணம் உங்களுக்குப் பொருந்துகிறது. உடனே முன்னால் சரிந்தால், ஒவ்வொரு சிக்னலிலும் உங்கள் மணிக்கட்டுதான் உடலைத் தாங்கப் போகிறது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று மார்பில் மோதி உடலைச் சற்றே தூக்கிப் பிடிப்பதால், குனிந்த வண்டிகூட அங்கே இதமாகத் தோன்றும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்தக் காற்று இல்லை. எடை முழுவதும் கைக்கு இறங்கிவிடும். எனவே திறந்த சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு “கை வலிக்கவே இல்லையே” என்று முடிவுகட்டாதீர்கள். ஊர்ந்து நகரும் போக்குவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கைப்பிடிகள் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களின்) மேல் தகட்டுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கின்றனவா, கீழேயா என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேலே இருந்தால் தினசரி ஓட்டத்துக்கு நல்லது.

சீட்டின் உயரம் நிஞ்ஜா 650 வண்டியில் 790 மி.மீ., சி.பி.ஆர். 650 ஆர் வண்டியில் 810 மி.மீ., ஆர்7 வண்டியில் 835 மி.மீ. உயரத்தைவிட, சீட்டின் முன்பகுதி எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதே கால் தரையில் ஊன்றுவதைத் தீர்மானிக்கும். இரு குதிகால்களும் முழுதாகத் தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரு முன்பாதங்களும் உறுதியாகப் பதிந்தால் போதும். கண்ணாடிகளில் உங்கள் முழங்கையைத் தவிர வேறு ஏதாவது தெரிகிறதா, கைப்பிடியை முழுக்கத் திருப்பும்போது கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவே நசுங்குகிறதா என்பவற்றையும் அப்போதே பாருங்கள். ஸ்போர்ட் பைக்கின் கைப்பிடி பிற வண்டிகளைவிடக் குறைவாகத்தான் திரும்பும் என்பதால், குறுகிய இடத்தில் நிறுத்த வேண்டியவர்களுக்கு இது முக்கியம்.

பழைய வண்டி வாங்குவதானால்

புதியவர்களுக்குப் பழைய வண்டியே நல்லது என்று சொல்வேன், ஏனென்றால் முதல் ஆண்டில் அதை ஒரு முறையாவது கீழே போடும் வாய்ப்பு அதிகம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைக்கப்பட்ட எஞ்சின், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கக்கூடும். கைப்பிடி முனை, லீவர் நுனி, பெக்கின் ஓரம் ஆகிய மூன்றும் கீழே விழுந்ததைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள். கைப்பிடியை முழுக்கத் திருப்பும்போது அதைத் தடுத்து நிறுத்தும் உலோகப் புடைப்பு நசுங்கியோ வெடித்தோ இருந்தால், அது சாதாரணமாகச் சாய்ந்து விழுந்த வண்டியல்ல, விலகிவிடுங்கள். முன் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் விரலை ஓட்டிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 1824 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 18ஆம் வாரம்.

மூன்றாம் படி: ஓட்டுவதற்கு முன் வண்டியை உங்களுக்கேற்பத் திருத்துங்கள்

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஓட்டக் கிளம்பாமல், ஒரு மணி நேரம் கருவிகளோடு அதன் அருகில் உட்காருங்கள். பிரேக், கிளட்ச் லீவர்களைத் தளர்த்தி, அமர்ந்த நிலையில் முன்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வரும்படி திருப்பி இறுக்குங்கள். மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து லீவரைப் பிடிக்க வேண்டியிருந்தால் அரை மணி நேரத்தில் கை மரத்துவிடும். கியர் லீவரின் உயரத்தையும் உங்கள் பூட்ஸின் கனத்துக்கேற்ப மாற்றுங்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். ஆலையிலிருந்து வரும் ஸ்பிரிங் அமைப்பு யாரோ ஒரு சராசரி மனிதரின் எடைக்கானது. முன் ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டுங்கள். இருவர் உதவியோடு வண்டியைத் தூக்கி, ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையில் டையைக் கீழே சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தை) ஒட்டித் தள்ளிவிடுங்கள் (தலைகீழ் ஃபோர்க் ஆனாலும் தத்துவம் இதுவே). பிறகு முழு உடையோடு மெல்ல ஏறி அமர்ந்து, மெல்ல இறங்கி, மறுபடி வண்டியைத் தூக்கச் செய்து டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் அளங்கள். சாலை ஓட்டத்துக்கு 30 முதல் 40 மி.மீ. வரை இருப்பது பொதுவாகப் பொருந்தும். கூடுதலாக அமிழ்ந்தால் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கூட்டுங்கள், குறைவாக அமிழ்ந்தால் தளர்த்துங்கள். பின்பக்கத்தை, சக்கர அச்சுக்கும் அதற்கு நேர்மேலே உள்ள ஒரு புள்ளிக்கும் இடையிலான தூரத்தை வைத்து இதேபோல் அளக்கலாம். ஒரு ரூலரும் இரண்டு நண்பர்களும் இருந்தால் முடிந்துவிடும் இந்த வேலை, ஒரு புதிய எக்ஸாஸ்ட் தருவதைவிடப் பல மடங்கு வித்தியாசத்தைத் தரும். ஆனால் ஒலி எழுப்பாது என்பதால் இதை யாரும் செய்வதில்லை.

உடைகளைப் பொறுத்தவரை, ஹெல்மெட்டில் இ.சி.இ. 22.06 என்னும் பாதுகாப்புத் தர முத்திரையும், மேலாடையிலும் கால்சட்டையிலும் இ.என். 17092 தரக்குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதில் ஏஏஏ என்பது உயர்ந்த தரம், ஏஏ தினசரி ஓட்டத்துக்குப் போதுமானது. கையுறையும் கணுக்காலை மூடும் பூட்ஸும் வெயில் நாளிலும் விலக்கல்ல.

நான்காம் படி: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

இந்த வண்டிகளின் எடை பெரும்பாலும் 185 முதல் 210 கிலோ வரை. ஓடும்போது அது தெரியாது, நடை வேகத்தில் தெரியும். என் முதல் வாரத்தில், யு-திருப்பத்தின் பாதியில் ஒருவர் குறுக்கே வந்ததும், கைப்பிடி முழுக்கத் திரும்பியிருந்த நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அங்கேயே நின்றது, நான் தாங்கப் பார்ப்பதற்குள் பக்கவாட்டில் படுத்துவிட்டது. கிளட்ச் லீவர் ஒடிந்ததுதான் சேதம். கைப்பிடி திரும்பியிருக்கும்போது நடை வேகத்தில் முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்ற பாடத்தை அதற்குமுன் பலமுறை படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஆளில்லாத ஒரு திடலில் மெதுவாக ஓட்டுவதிலிருந்து தொடங்குங்கள். கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியிலேயே லீவரை வைத்துக்கொண்டு, திராட்டிலைச் சற்றே திறந்தபடி, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். எஞ்சின் இழுக்க, பிரேக் பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் நடுவே வண்டி விறைப்பாகவும் நேராகவும் நிற்கும். பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் வண்டி தள்ளாடும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அது தானாக அங்கே போகும்.

பிறகு பிரேக். முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால், எடை முன்சக்கரத்துக்கு வந்து டயர் தரையில் அழுந்துவதற்கு முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும். முதலில் லேசாகப் பிடித்து, ஃபோர்க் அமிழ்வதை உணர்ந்து, அதன்பின் அழுத்தத்தைக் கூட்டுங்கள், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல. இரண்டு விரல்கள் போதும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பழகி, 50 கி.மீ. வேகத்துக்குப் போய், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது லீவரில் வரும் துடிப்பு எப்படி இருக்கும் என்பதைத் திடலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் முதன்முறையாக அதை உணர்பவர் பயந்து லீவரை விட்டுவிடக்கூடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன் யோசிக்கும் ஒரு நொடியிலேயே வண்டி 28 மீட்டர் கடந்துவிடும். வளைவில் சாய்ந்திருக்கும் கோணத்தையும் கணக்கிட்டுச் செயல்படும் ஏ.பி.எஸ்., ஆர்.எஸ். 660 போன்ற சில வண்டிகளில் மட்டுமே உண்டு. மற்றவற்றில் வேகக் குறைப்பை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வளைவுகளுக்கு வருவோம். ஓடும் வேகத்தில் வண்டியை வலப்பக்கம் சாய்க்க, வலக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். இடப்பக்கத்துக்கு இடக்கைப் பிடி. நம்பக் கடினமாக இருந்தால் நேரான வெற்றுச் சாலையில் மிக மெல்லத் தள்ளிப் பாருங்கள். இதை உணர்ந்து செய்பவர், வளைவின் நடுவில் ஒரு குழியைக் கண்டால் வண்டியை இன்னும் சற்று அழுத்தி அதைத் தவிர்த்துவிடுவார். தெரியாதவர் குழியையே வெறித்துப் பார்த்தபடி அதற்குள் போவார். முட்டியைத் தரையில் தேய்க்கும் ஆசை இருந்தால் பந்தயத் தடத்தில் ஒரு நாள் பதிவு செய்துகொள்ளுங்கள். சாலையில் அதற்கு இடமில்லை.

புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கும் என்பதால் முதல் 150 கி.மீ. வரை சாய்வையும் பிரேக்கையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புதிய எஞ்சினானால், கையேடு சொல்லும் சுழற்சி வரம்பை மதித்து, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டி, பொதுவாக 1,000 கி.மீ. அளவில் வரும் முதல் சர்வீஸில் எண்ணெயையும் வடிகட்டியையும் தவறாமல் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: டயரும் செயினும்

தினசரி வண்டியில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை இவை இரண்டுதான். முன்னே 120/70, பின்னே 180/55 அளவு டயர்கள் கொண்ட வண்டிகளில் பெரும்பாலும் முன்பக்கம் 36, பின்பக்கம் 42 பி.எஸ்.ஐ. காற்று சொல்லப்பட்டிருக்கும். நிஞ்ஜா 650 போல ஒல்லியான பின்டயர் உள்ளவற்றுக்கு அளவு வேறு என்பதால், ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையே நம்புங்கள். காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளங்கள். வண்டி திடீரென்று திரும்ப மறுப்பதுபோலத் தோன்றினால், எதையும் கழற்றுவதற்கு முன் முதலில் காற்றைப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை விடை அங்கேதான் இருக்கும்.

செயினுக்கு 500 முதல் 1,000 கி.மீ. இடைவெளியில், மழையில் ஓட்டினால் அன்றே, எண்ணெய் விடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு விட்டால் உள்ளே நன்றாக இறங்கும். துடைக்கும்போதும் எண்ணெய் விடும்போதும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், நேரமானால் ஆகட்டும். தொய்வை ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாமல், சக்கரத்தைக் கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு இடங்களில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை; மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால், இறுகிய இடம் ஒவ்வொரு சுற்றிலும் கியர்பெட்டியின் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுத்து, பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்கு அது விலகினால், செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். முன் லீவருக்கு அருகிலுள்ள சிறு கிண்ணத்தில் தேன் நிறத்தில் இருந்த திரவம் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால், தேதியைப் பார்க்காமலே மாற்றிவிடலாம்.